டயாலிசிஸ் பெறுவோரும் இரத்தச் சோகையும்

முகம் வெளிறி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கி, சோர்ந்து கிடக்கும் ஒருவரைக் கண்டால் நம் பக்கத்துத் தாய்மார்கள் முதலிற் சொல்வது, "இரத்தமில்லை, முருங்கைக்கீரை கொடுங்கள்" என்பதே. அதனைத் தொடர்ந்து பேரீச்சம்பழம், வெல்லம் கலந்த எள்ளுருண்டை, பீட்ரூட் சாறு, இளநீர் என்று பட்டியல் நீளும். பிள்ளை பெற்ற தாய்க்கும் வளரும் சிறுமிக்கும் இப்பட்டியலில் பெரும்பகுதி நன்மை செய்வதே. ஆனால் இதே அன்பு ஒரு வகை நோயாளிக்கு மட்டும் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியதாகிறது. சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டு வாழ்பவரே அவர்.

சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் பொருட்டு திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி முதலிய கொம்யூன் பகுதிகளுக்கு அடிக்கடி செல்ல வேண்டியிருப்பதால், அங்கத்தினர் இல்லங்களின் நிலையை ஓரளவு நேரில் அறியும் வாய்ப்பு இக்கட்டுரையாளனுக்கு உண்டு. நகைக்கடன் எதற்கு என்று கேட்டால், விதைக்கும் உரத்திற்கும் என்று வரும் விடைக்கு இடையே, "டயாலிசிஸுக்குப் போய்வர" என்னும் விடையும் இப்போது காதில் விழுகிறது. அவ்வில்லங்களில் பணக்கவலைக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி ஒன்றே: "இவ்வளவு கீரையும் பழமும் கொடுத்தும் இரத்தம் ஏன் ஏறவில்லை?" இக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுநீரகத்தை நாம் வடிகால் என்று மட்டுமே எண்ணி வந்திருக்கிறோம். காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு வடிகாலின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. வடிகால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்கும், உப்பு ஏறும், பயிர் அழுகும். சிறுநீரகம் தூர்ந்தால் உடலிலும் ஏறக்குறைய அதுவே நிகழ்கிறது. ஆனால் சிறுநீரகத்திற்கு மற்றொரு பணியும் உண்டு. 'எரித்ரோபோயடின்' என்னும் ஒரு சுரப்புப் பொருளை அது உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. எலும்பின் உள்ளே இருக்கும் மச்சைக்கு, "சிவப்பணுக்களைச் செய்" என்று ஏவும் கட்டளை அப்பொருளே. சிறுநீரகம் நலிந்தால் கட்டளை நின்றுபோகிறது. சரக்கு எவ்வளவு இருப்பினும், உத்தரவு வாராத தறியில் துணி இறங்குவதில்லை அல்லவா? இரும்புச்சத்து வயிறு நிறையச் சென்றாலும், ஏவுவாரின்றி மச்சை வாளாவிருக்கிறது. இதுவே இவர்களுடைய இரத்தச் சோகையின் முதற் காரணம்.

இப்பொருளைப் பிரித்தெடுத்த வரலாறு கேட்போரை வியக்கச் செய்வது. வேறொரு வகைக் கடுஞ்சோகையால் வாடுவோரின் சிறுநீரில் எரித்ரோபோயடின் மிகுதியாக வெளியேறும் என்பதை அறிந்து, ஜப்பானில் குமமோட்டோ என்னும் ஊரைச் சேர்ந்த மியாகே என்னும் அறிஞர், அத்தகைய நோயாளிகளிடமிருந்து சுமார் 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, வற்றவைத்து, அமெரிக்காவிற் சிகாகோ நகரில் இருந்த கோல்டுவாசர் என்பாரிடம் கொண்டு சேர்த்தார். அதிலிருந்து சில மில்லிகிராம் அளவே தூய பொருள் கிடைத்தது. இந்த வெற்றி 1977-இல் வெளியாயிற்று. பின்னர் அதற்குரிய மரபணு கண்டறியப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொண்டே அப்பொருளைச் செய்யும் முறை வந்தது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதனை ஊசி வழியே செலுத்திக் கண்ட நற்பயன் 1987-இல் மருத்துவ உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1989-இல் அமெரிக்க அரசு மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. அதுவரையில் இந்நோயாளிகள் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொண்டே காலந்தள்ளி வந்தனர். இன்று நம் நாட்டிலேயே அம்மருந்து தயாராகிறது.

இரண்டாவது காரணம், டயாலிசிஸிலேயே நேரும் இழப்பு. முதன்முதல் 1943-இல், நெதர்லாந்தில் காம்பன் என்னும் ஊரில் கோல்ஃப் என்னும் மருத்துவர் அமைத்த பொறியை நம் நெசவாளர் கண்டால் தம் தொழிற்கருவி என்றே நினைத்திருப்பர். மரச்சட்டங்களாலான உருளை ஒன்றில், பாவு சுற்றுவது போலச் செலோபேன் குழாயைச் சுற்றி, நீர்த்தொட்டியில் சுழல விட்டார். இன்றைய வடிகட்டியோ, ஒரு முழம் கூட இல்லாத குழலுக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் இழைகளை அடுக்கிய சிட்டம் போன்றது. ஒவ்வோர் இழையும் உட்புறம் துளையுடையது. துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அத்துளைகளின் வழியே நோயாளியின் இரத்தம் நான்கு மணி நேரம் ஓடித் தூய்மை பெறுகிறது. முடிவில் இழைகளுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் சிறிதளவு இரத்தம் தங்கிவிடும். சோதனைக்கென்று அடிக்கடி எடுக்கும் இரத்தம் வேறு. இவையெல்லாம் சேர்ந்து ஓராண்டில் 1 முதல் 3 கிராம் வரை இரும்புச்சத்து வெளியேறிவிடுகிறது. ஒரு மனிதருடைய உடலில் உள்ள மொத்த இரும்பே 3 அல்லது 4 கிராம்தான் என்பதை நோக்கினால் இழப்பின் அளவு விளங்கும். இதனோடு, நலமுள்ளவரிடம் 120 நாட்கள் வாழும் சிவப்பணு, இவர்களிடம் மூன்றிற் இரு பங்கு நாட்களோ அதற்கும் குறைவாகவோதான் வாழ்கிறது.

இனி நம் முருங்கைக்கீரையைப் பேரேட்டில் ஏற்றிப் பார்ப்போம். ஆண்டுக்கு 2 கிராம் இழப்பு என்று கொண்டால், நாளொன்றுக்குச் சுமார் 5½ மில்லிகிராம் ஆகிறது. 100 கிராம் முருங்கைக்கீரையில் 4 முதல் 5 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆனால் கீரையிலுள்ள இரும்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு உடலில் சேர்ந்தாலே அதிகம். அதாவது 100 கிராம் கீரையின் உண்மையான வரவு கால் மில்லிகிராமிற்கும் குறைவு. இழப்பை ஈடு செய்ய இரண்டு கிலோவுக்கு மேல் கீரையை அன்றாடம் உண்ண வேண்டும்! அதுவுமன்றி, நாட்பட்ட நோயுள்ள உடலில் 'ஹெப்சிடின்' என்னும் மற்றொரு பொருள் பெருகி, குடலின் கதவை அடைத்து, உண்ட இரும்பை உள்ளே வரவொட்டாமல் தடுக்கிறது. ஆதலின் கணக்கில் காட்டிய கால் மில்லிகிராமும் முழுமையாகக் கிடைக்குமென்பதற்கில்லை. வரவு இவ்வளவே. செலவுப் பக்கத்தில் நிற்பது பொட்டாசியம். அந்த இரண்டு கிலோ கீரையில் 8 கிராம் பொட்டாசியம் இருக்கும். டயாலிசிஸ் பெறும் பலருக்கு ஒரு நாளைக்கு அனுமதிக்கப்படுவது ஏறத்தாழ 2 முதல் 2½ கிராம் மட்டுமே.

பொட்டாசியம் உயிருக்கு இன்றியமையாத உப்புத்தான். மிகுந்ததைச் சிறுநீர் வெளியேற்றிவிடுவதால் நமக்கு அதைப்பற்றிய கவலை இல்லை. சிறுநீர் இறங்காதவருக்கோ, அடுத்த டயாலிசிஸ் நாள் வரையில் அது இரத்தத்திலேயே தேங்குகிறது. சோதனைச் சீட்டில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அளவு 6.5-ஐத் தாண்டுமானால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து, முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றுவிடவும் கூடும். வலியோ காய்ச்சலோ இல்லாமையால், "நேற்று வரை நன்றாக இருந்தார்" என்று சொல்லும்படி நேர்ந்துவிடுகிறது.

நெடுங்காட்டுப் பக்கத்தில் ஓர் அங்கத்தினரின் இல்லத்தில் கண்டது இது. நோயாளியின் தங்கை தோப்பிலிருந்து இரண்டு இளநீர் கொண்டுவந்து, "அண்ணி, அண்ணனுக்கு ஒரு டம்ளராவது கொடுங்கள். நானே நின்று பறிக்கச் சொன்னது. இதில் என்ன கெடுதி?" என்று வற்புறுத்தினார். அண்ணியார் மறுக்கவும் இயலாமல், கொடுக்கவும் துணியாமல் நின்றார். ஓர் இளநீரில் 600 முதல் 700 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அவருக்குரிய ஒரு நாள் அளவில் கால் பங்கிற்கு மேல் அந்த ஒரு டம்ளரிலேயே போய்விடும். நாத்தனாரின் மனம் நோகுமே என்று அஞ்சி இணங்கிவிடும் இல்லங்கள் பல. இளநீருக்கு இணையான குளிர்ச்சி உண்டோ என்று புகழ்ந்து வளர்ந்தவர்கள் நாம். அதனை ஒருவருக்கு மறுப்பது அன்பின்மையாகவே தோன்றும். ஆயினும் மறுத்த அந்த அண்ணியார் செய்ததே சரி.

வாழைப்பழம், பேரீச்சை, உலர்ந்த திராட்சை, பலாச்சுளை, ஆரஞ்சுச் சாறு, வெல்லம், கருப்பட்டி, உருளை, சேனை, சர்க்கரைவள்ளி, முருங்கைக்காய், தக்காளிச் சாறு ஆகியவை இவ்வகையிற் சேர்ந்தவை. காய்களை அடியோடு விலக்க வேண்டுவதில்லை. தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் கணிசமான பகுதி நீரோடு போய்விடும். பின்னர் தாளித்துக் கொள்ளலாம். காய் வெந்த நீரில் சத்துண்டு, கொட்டாதே என்று மற்றவருக்குச் சொல்லும் அறிவுரை இவருக்கு நேர்மாறாகிறது. பழங்களில் ஆப்பிளிலோ அன்னாசியிலோ ஒரு சிறு துண்டு பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. நட்சத்திரப் பழம் என்று சந்தைக்கு வரும் ஐந்து முனைப் பழத்தை மட்டும் சிறுநீரக நோயாளி வாயில் வைக்கவே கூடாது. அதிலுள்ள ஒரு நஞ்சு நலமுள்ளவரிடம் சிறுநீரில் கழிந்துவிடும். இவரிடம் தங்கி, ஓயாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று முற்றி மரணத்திலும் முடிந்திருக்கிறது. அவ்வாறே, இரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று விற்கப்படும் சோடியம் குறைந்த உப்பில் சோடியத்திற்குப் பதிலாகப் பொட்டாசியமே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் கடையில் வாங்குமுன் நினைவிற் கொள்ள வேண்டும்.

அப்படியாயின் அவர் எதைத்தான் உண்பது? இங்கே மற்றொரு தவறு நேர்கிறது. டயாலிசிஸ் தொடங்குமுன், சிறுநீரகத்தின் சுமையைக் குறைப்பதற்காகப் புரதத்தைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருப்பார். டயாலிசிஸ் தொடங்கிய பின் அந்த விதி மாறிவிடுகிறது. இரத்தம் தூய்மையாகும்போது ஒவ்வொரு முறையும் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் நீரோடு கழிந்துபோகின்றன. ஆதலால் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் அன்றாடம் வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 கிராமிற்குக் குறையலாகாது. பழைய கட்டளையையே பிடித்துக்கொண்டு, மீனையும் முட்டையையும் பருப்பையும் விலக்கி, வெறும் ரசஞ்சாதத்தில் நாட்களைக் கழிக்கும் நோயாளிகள் சதை வற்றி மெலிகின்றனர். மெலிந்த உடலில் அழற்சி மிகுதி. அழற்சி மிகுந்த உடலில் எரித்ரோபோயடின் ஊசியும் சரிவர வேலை செய்வதில்லை. உணவிற்கும் இவர்களுடைய இரத்தச் சோகைக்கும் உள்ள மெய்யான உறவு இதுவே. கீரையால் ஏறாத இரத்தம், புரதக் குறைவினால் இறங்குவது உண்டு.

கடற்கரையிலுள்ள நமக்கு இது எட்டாத பொருளன்று. 300 கிராம் அரிசியில் ஏறத்தாழ 22 கிராம், 100 கிராம் மீனில் 18 கிராம், இரண்டு முட்டைகளின் வெண்கருவில் 7 கிராம், ஒரு பிடி துவரம்பருப்பில் 6 கிராம், ஒரு சிறு கிண்ணம் தயிரில் 3 கிராம். கூட்டினால் தேவை ஏறக்குறைய நிறைவேறிவிடுகிறது. மீன் என்றால் புதிய மீன். உப்பில் ஊறிய கருவாடு அன்று. நெத்திலி போல முள்ளோடு உண்ணும் மீனில் பாஸ்பரஸ் மிகுதி. பாலிலும், வேர்க்கடலையிலும், புட்டியில் வரும் கறுப்பு நிறக் குளிர்பானங்களிலும் அவ்வாறே. அது மிகுந்தால் எலும்பு நலியும், உடம்பெல்லாம் அரிக்கும். அதற்கென்று தரும் மாத்திரையை உணவோடு சேர்த்தே விழுங்க வேண்டும். உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கினால் பிடித்து வைப்பதற்கு வயிற்றில் ஒன்றும் இராது. சைவ உணவினர் பருப்பு, பயறு, தயிர் இவற்றின் அளவை உணவியலாரிடம் கேட்டுத் திட்டம் செய்துகொள்ள வேண்டும். ஃபோலிக் அமிலம் டயாலிசிஸில் கழிவதாலும், பி-12 என்னும் வைட்டமின் சைவ உணவில் அரிதாகையாலும், அவ்விரண்டும் குறைந்துள்ளனவா என்று பார்த்துக்கொள்வது நலம்.

நீரின் அளவு, கழியும் சிறுநீரைப் பொறுத்தது. கழிந்த அளவோடு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை கூட்டிக்கொள்வது வழக்கம். நம் ஊரில் மறந்துபோவது யாதெனில், பழைய சோற்று நீராகாரமும், கஞ்சியும், ரசமும், மோரும், காப்பியும் இக்கணக்கிற் சேர்ந்தவை என்பதே. காலையில் ஒரு செம்பு நீராகாரம் அருந்திவிட்டு, "தண்ணீரே குடிக்கவில்லை" என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். உப்பைக் குறைத்தால் தாகம் தானே குறையும். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி அளவான 5 கிராமிற்குள் உப்பு அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய் ஆகியவற்றை அனுமதித்துவிட்டு நீரை மட்டும் மறுப்பது கொடுமை. நீர் தேங்குவதற்கும் சோகைக்கும் கூட ஒரு தொடர்பு உண்டு. பால் அளவு மாறாதிருக்க அதில் நீர் பெருகினாற் போல, தேங்கிய நீரால் இரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும்.

சிகிச்சைக்கு வருவோம். எரித்ரோபோயடின் ஊசியும், நரம்பு வழியே செலுத்தும் இரும்பு மருந்துமே இச்சோகைக்குத் தலையாய சிகிச்சை. குடலின் அடைபட்ட கதவைத் தவிர்த்து இரும்பு நேரே இரத்தத்திற் சேர்வதால் மாத்திரையைவிட ஊசி மிக்க பயன் தருகிறது. பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019-இல் அச்சில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, குறையும் வரை காத்திராமல் மாதந்தோறும் இவ்வாறு இரும்பைச் செலுத்தி வந்தவர்களுக்கு எரித்ரோபோயடின் குறைவாகவே தேவைப்பட்டதையும், மரணமும் இதயத் தாக்குதலும் கூடவில்லை, மாறாகக் குறைந்தன என்பதையும் காட்டிற்று. இருப்பு எவ்வளவு என்பதை ஃபெரிட்டின் முதலிய சோதனைகளால் அறிந்தே செலுத்துவர், மிகுந்தால் நிறுத்துவர். இரும்பு மாத்திரை தரப்பட்டிருப்பின், அதனைத் தேநீரோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து உண்ணலாகாது.

ஹீமோகுளோபின் 10 முதல் 11½ வரை நின்றால் போதுமென்று மருத்துவர் கூறும்போது, "மற்றவருக்கு 13, இவருக்கு மட்டும் ஏன் குறைவு?" என்று சிலர் குறைப்படுகிறார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு ஊசியை மிகுத்து 13 வரை ஏற்றிப் பார்த்த ஆராய்ச்சிகள் 2006-லும் 2009-லும் வெளிவந்தன; ஒன்றில் இதயக் கேடும், மற்றொன்றில் மூளையில் இரத்தம் உறையும் வாதமும் அதிகரித்தன. ஊசியால் இரத்தக் கொதிப்பு ஏறக் கூடுமாதலால் அதனையும் தவறாமல் அளந்து வர வேண்டும்.

இவ்வூசியைப் பற்றி நம் பகுதிக்கென்று ஒரு எச்சரிக்கை. பலர் மருந்தை வெளிக்கடையில் வாங்கிச் செல்கிறார்கள். அது 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்க வேண்டிய பொருள். சித்திரை வெயிலில் பேருந்தின் மேற்பலகையில் வைத்துத் தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ கொண்டுசென்றால் மருந்தின் வீரியம் கெடும். பணமும் போய், இரத்தமும் ஏறாது. குளிர்ப்பொதியோடு மூடிய பெட்டியிற் கொண்டு செல்க. பனிக்கட்டியின் மேல் நேரே வைத்து உறையவிடலாகாது; குலுக்கவும் கூடாது. "ஊசி போட்டும் பயனில்லை" என்பவர்களிடம் இதனை முதலிற் கேட்டறிவது நல்லது. ஊசிக்குப் பதிலாக வாயால் உண்ணும் டெசிடுஸ்டாட் என்னும் மாத்திரைக்கு 2022-இல் நம் நாட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. யாருக்குப் பொருந்தும் என்பதைச் சிறுநீரக மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

"ஒரு பாட்டில் இரத்தம் ஏற்றிவிட்டால் தெம்பு வந்துவிடுமே" என்னும் எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஆபத்தான நிலையில் அது உயிர் காக்கும். ஆனால் அயலார் இரத்தம் ஏறுந்தோறும் உடலில் எதிர்ப்பொருள்கள் தோன்றிப் பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதைக் கடினமாக்கும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-இல் வெற்றி கண்ட அவ்வறுவைச் சிகிச்சை இன்று பல ஊர்களில் நடைபெறுகிறது. தானம் தர உறவினர் உள்ள இளவயது நோயாளி, அவசியமின்றி இரத்தம் ஏற்றிக்கொள்ளாதிருப்பது அவ்வாய்ப்பைக் காத்துக்கொள்வதாகும்.

செலவைக் கருதி மூன்று முறைக்கு இரண்டு முறையாகக் குறைத்துக்கொள்வோர் உளர். இடைவெளி நீள நீள உணவுக் கட்டுப்பாடும் இறுக வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டு, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோருக்கு மாவட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி இச்சிகிச்சை அளிக்க வழி செய்திருக்கிறது. கடனுக்கு விண்ணப்பம் எழுதுமுன் குடும்ப அட்டையுடன் அரசு மருத்துவமனையில் விசாரித்துக் கொள்க. குழித்தறியில் நாளெல்லாம் குனிந்திருந்து இடுப்பு வலிக்கென்று கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும், கவனியாது விட்ட நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இந்நிலைக்குக் கொண்டுவிடும் வழிகள். ஆந்திரத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடையேயும் இன்ன காரணமென்று தெளிவாகாமலே இந்நோய் பரவியிருப்பதைக் கண்டு அறிஞர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

ஆனி மாதத்தில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா வருகிறது. இறைக்கும் மாங்கனியை ஏந்திவந்து வீட்டில் பகிர்ந்து உண்ணும் நாளில், நோயாளி மட்டும் வெறுங்கையோடு இருப்பதைக் காண யாருக்கும் மனம் வராது. வாழையையும் பேரீச்சையையும் விட மாம்பழத்தில் பொட்டாசியம் குறைவே. மருத்துவமனையில் உணவியலாரைக் கலந்து, அம்மாதச் சோதனையில் பொட்டாசியம் அளவுக்குள் இருக்குமாயின், அன்றைக்கு வேறு பழமும் உருளை, தக்காளி வகையும் நீக்கிவிட்டு, இரண்டு சிறு துண்டுகள் கொடுக்கலாமா என்று முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.